தாலி முதலில், மனு பிறகு: ஓர் அமெரிக்கத் திருமண விசாவின் நிகழ்வு ஆய்வு

2023 அக்டோபரில் நிச்சயதார்த்தம் முடிந்து, 2025 அக்டோபரில் சேர்ந்து குடியேறிய ஒரு தம்பதியின் விசாப் பாதை இங்கே பதிவாகிறது. அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் விடப்பட்டுள்ளன. கட்டணங்கள் அந்தந்தத் தேதியில் நடப்பில் இருந்தவை.

பின்னணி

மணமகள் அமெரிக்கக் குடிமகள், வயது 31. பத்து வயதில் பெற்றோருடன் சென்று அங்கேயே படித்து வளர்ந்தவர். தந்தை இல்லை. தாய் அவருடன் வசிக்கிறார். மணமகளின் வருமான வரிக் கணக்கில் அவரைச் சார்ந்தவராகக் காட்டப்பட்டவர். இந்தத் தகவல் அப்போது யாருக்கும் முக்கியமாகப் படவில்லை.

மணமகனுக்கு 28 வயது. மேற்குத் தமிழகத்தில் ஒரு நகரத்தில் பொறியாளர். அதற்கு முன் சிங்கப்பூரில் 2 ஆண்டு 4 மாதம் வேலை பார்த்திருக்கிறார். அலுவலகப் பயணத்துக்காக எடுத்த பத்தாண்டு பி1/பி2 விசா (அலுவல், சுற்றுலாப் பயணங்களுக்கானது) கையில் இருந்தது.

உறவினர் வழியாக வந்த வரன். ஜாதகம் பொருந்தியது. ஐந்து மாதம் வீடியோவில் பேசினார்கள். ஐப்பசியில் மணமகள் தாயுடன் வந்து இறங்கினார். நேரில் பார்த்த நான்காம் நாள் ஒரு மண்டபத்தில் நிச்சயதார்த்தம். தட்டு மாற்றியதோடு நிற்காமல், இப்போதைய வழக்கப்படி மோதிரமும் மாலையும் மாற்றிக்கொண்டார்கள். பின்னணியில் பூ அலங்காரம், மேடை, இருநூறு பேர். புகைப்படக்காரர் கொடுத்த ஆல்பத்தைப் பார்த்தால் திருமணம் என்றுதான் தோன்றும்.

முன்னால் இருந்த வழிகள்

குடும்பத்தில் மூன்று யோசனைகள் ஓடின.

மணமகனின் தாய்மாமன் சொன்னது மிக எளிதாகத் தெரிந்தது: "மாப்பிள்ளைகிட்டதான் டூரிஸ்ட் விசா இருக்கே, அங்க போய் கல்யாணத்தை முடிச்சுட்டு அப்படியே தங்கிடலாமே." பலருக்கும் தோன்றும் யோசனை இது. சுற்றுலா விசாவில் போன ஒருவர் அமெரிக்கக் குடிமகளை மணந்து, அங்கிருந்தே நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கச் சட்டத்தில் இடம் உண்டு என்பதும் உண்மை. சிக்கல் நோக்கத்தில் இருக்கிறது. குடியேறும் எண்ணத்தை மனதில் வைத்துக்கொண்டு, விமான நிலையத்தில் "மூன்று வாரம் சுற்றிப் பார்க்க வந்தேன்" என்று சொன்னால் அது பொய்யுரைப்பு. அப்படி முடிவு கட்டப்பட்டால் வாழ்நாள் முழுவதும் நுழைவுத் தடை. அதை நீக்கத் தனி மனு, தனி வாதம். நுழைந்த 90 நாளுக்குள் விசாவுக்கு மாறாக நடந்தால் பொய்யுரைப்பு என்று அனுமானிக்கலாம் என அமெரிக்க வெளியுறவுத் துறைக் கையேடே சொல்கிறது. நிச்சயதார்த்த ஆல்பம் கைப்பேசியில் இருக்க, எல்லை அதிகாரி அந்தக் கைப்பேசியை வாங்கிப் பார்க்கும் அதிகாரம் உள்ளவராக இருக்க, இந்த வழி முதல் நாளே கைவிடப்பட்டது.

இரண்டாவது கே-1, அதாவது வருங்காலக் கணவன் அல்லது மனைவிக்கான விசா. குடிமகள் ஐ-129எஃப் மனுப் போட வேண்டும். இருவரும் திருமணமாகாதவர்களாக இருக்க வேண்டும். மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் ஒரு முறையாவது நேரில் சந்தித்திருக்க வேண்டும். விசா வாங்கி இறங்கிய 90 நாளுக்குள் அவரையே மணந்து, பிறகு ஐ-485 என்ற விண்ணப்பத்தைப் போட்டுப் பச்சை அட்டைக்கு, அதாவது நிரந்தரக் குடியிருப்பு அட்டைக்கு, காத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, இங்கேயே திருமணம் செய்து, பதிந்து, ஐ-130 என்ற உறவினர் மனு மூலம் சிஆர்-1, அதாவது கணவன் அல்லது மனைவிக்கான குடியேற்ற விசா. குடிமகளின் கணவருக்கு ஆண்டு எண்ணிக்கை வரம்பு கிடையாது, வரிசை கிடையாது. இறங்கிய அன்றே நிரந்தரக் குடியிருப்பாளர்.

ஐ-130 நிலுவையில் இருக்கும்போது போடும் கே-3 என்ற தற்காலிக விசா பற்றியும் கேட்டார்கள். பெயரளவில் இன்னும் இருக்கிறது. நடைமுறையில் ஐ-130 முந்திக்கொள்வதால் கே-3 மூடப்பட்டுவிடும். அதில் நேரம் செலவிட வேண்டியதில்லை.

கவனித்தது: மண்டபத்தில் நடந்தது என்ன?

மணமகளுக்கு முதலில் கே-1 மீதே நாட்டம். ஐ-129எஃப் படிவத்தைப் பாதிக்கு மேல் நிரப்பியும் வைத்திருந்தார். ஆனால் மணமகன் வீட்டார் தை மாதத்தில் ஒரு முகூர்த்தம் குறித்துவிட்டார்கள். பாட்டிக்கு 84 வயது. அமெரிக்காவுக்கு வர முடியாது. அவர் கண் முன் தாலி கட்டியாக வேண்டும். இரண்டையும் இணைக்க ஒரு முகவர் சொன்ன வழி: கோயிலில் தாலி கட்டுங்கள், பதிவு மட்டும் செய்யாதீர்கள், பதியாத கல்யாணம் கல்யாணமே இல்லை, கே-1 போடலாம்.

இந்த ஆலோசனை தவறு. தமிழ்நாட்டில் அது இரட்டிப்பாகத் தவறு.

இந்து திருமணச் சட்டம், 1955-இன்படி திருமணத்தை உண்டாக்குவது சடங்கு. பதிவு அதற்கான சான்று. 2024-இல் உச்ச நீதிமன்றம், சடங்கு நடக்காமல் வாங்கிய பதிவுச் சான்றால் மட்டும் இந்துத் திருமணம் உண்டாகாது என்று சொன்னதும் இதே தர்க்கத்தில்தான். தமிழ்நாட்டில் இன்னொன்றும் உண்டு: சுயமரியாதைத் திருமணத்துக்காக 1967-இல் சேர்க்கப்பட்ட பிரிவு 7ஏ. உற்றார் உறவினர் முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாக அறிவித்தாலும், மாலை மாற்றினாலும், விரலில் மோதிரம் அணிவித்தாலும், தாலி கட்டினாலும் திருமணம் நிறைவேறும். புரோகிதர் வேண்டாம், அக்னி வேண்டாம். இத்தகைய திருமணத்துக்கு ஊரறிந்த விழா அவசியமில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கியது.

ஆகக் கோயிலில் தாலி கட்டிய நொடியில் கே-1 முடிந்துபோகிறது. நேர்காணல் நடக்கும் மும்பை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் அந்தப் புகைப்படம் வெளியே வந்தால், "நீங்கள் ஏற்கெனவே தம்பதி" என்று மனுவைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்; ஐ-130-இலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும். ஓராண்டு வீண். மறைத்தால் பொய்யுரைப்பு, மீண்டும் அதே வாழ்நாள் தடை.

தாலிக்கு முன்பே, நிச்சயதார்த்தமே சங்கடமாகத்தான் இருந்தது. மோதிரம், மாலை, இருநூறு சாட்சிகள் என 7ஏ பட்டியலில் உள்ளவை பலவும் அந்த மேடையில் நடந்திருந்தன. திருமணம் செய்துகொள்ளும் எண்ணம் அன்று இல்லை, பின்னொரு நாளுக்கான உறுதி மட்டுமே என்று வாதாடலாம். அந்த வாதம் சரியானதும்கூட. ஆனால் நேர்காணல் சாளரத்தில் சில நிமிடங்களில் அதிகாரி பார்ப்பது புகைப்படத்தை. சட்ட விளக்கத்தோடு தொடங்க வேண்டிய மனுவைத் தேடிப் போய்ப் போடுவானேன் என்பதே இங்கு எழுந்த கேள்வி.

பணக் கணக்கும் காலக் கணக்கும்

"கே-1 சீக்கிரம், சிஆர்-1 தாமதம்" என்ற பேச்சு பழையது. 2023 இறுதியில் இரண்டு மனுக்களுக்கும் ஓராண்டுக்கு மேல் பிடித்தது. அதைவிட முக்கியம், எதுவரை எண்ணுகிறோம் என்பது. விமானம் ஏறும் நாள் வரை எண்ணினால் கே-1 சற்று முந்தலாம். வேலைக்குப் போகும் நாள் வரை எண்ணினால் கதை வேறு. கே-1-இல் இறங்கியவர் திருமணம் முடித்து, ஐ-485 போட்டு, வேலை அனுமதி அட்டை வரும் வரை சம்பளம் வாங்க முடியாது. முன் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியேறினால் ஐ-485 கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும். பாட்டிக்கு ஏதாவது என்றால் உடனே கிளம்பி வர முடியாது.

மணமகனுக்கு இதில் வேறொரு ஆபத்தும் உண்டு. கே-1-இல் வந்தவர், மனுப் போட்டவரை மணந்தால் மட்டுமே அங்கு தங்க வழி. உறவு முறிந்தால் வேறு விசாவுக்கு மாற முடியாது. ஊர் திரும்ப வேண்டியதுதான். இங்கே வேலையை விட்டுவிட்டுப் போகிறவர் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். நிச்சயதார்த்த மகிழ்ச்சியில் யாரும் இதைப் பேசுவதில்லை.

செலவு: 2023 நவம்பர் நிலவரப்படி கே-1 வழிக்கு மனு 535, விசா 265, ஐ-485 கைரேகைக் கட்டணத்தோடு 1,225 என மொத்தம் 2,025 டாலர். சிஆர்-1 வழிக்கு மனு 535, விசா 325, ஆதரவு ஆவணம் 120, குடியேற்றக் கட்டணம் 220 என 1,200 டாலர். 2024 ஏப்ரல் 1 முதல் கட்டணங்கள் ஏறின. வேலை அனுமதியும் பயண அனுமதியும் அதுவரை ஐ-485 கட்டணத்துக்குள் அடங்கியிருந்தன. அவை தனியாகப் பிரிக்கப்பட்டன. புதிய கணக்கில் கே-1 (மனு, விசா, ஐ-485, வேலை அனுமதி, பயண அனுமதி): 675, 265, 1,440, 260, 630 என 3,270 டாலர். சிஆர்-1: இணையத்தில் போட்டால் 625, 325, 120, 235 என 1,305 டாலர். மருத்துவப் பரிசோதனையும் பயணமும் இரண்டிலும் தனி.

எடுத்த முடிவு

தை முகூர்த்தத்தில் இங்கேயே திருமணம், உடனே பதிவு, ஐ-130. பாதி நிரப்பிய ஐ-129எஃப் கிழிக்கப்பட்டது. முடிவைத் தீர்மானித்தது பணமோ வேகமோ அல்ல. பாட்டி முன்னிலையில் தாலி கட்டுவது உறுதி என்றான பிறகு, கே-1 என்ற வழியே அங்கு இல்லை.

ஒரு கிளை யோசனையும் வந்தது: அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வீடியோ வழியாகச் சட்டத் திருமணம் செய்து அன்றே ஐ-130 போட்டால் மூன்று மாதம் மிச்சம். இருவரும் ஒரே இடத்தில் இல்லாமல் நடக்கும் திருமணத்தை, அதன் பிறகு தாம்பத்தியம் நிகழ்ந்தால்தான் குடியேற்றச் சட்டம் ஏற்கும். தைக்கு முன் சந்திக்க வாய்ப்பு இல்லாததால் மிச்சமும் இல்லை.

பெயர், பிறப்புச் சான்று

திருமணத்துக்கு முன் டிசம்பரில் செய்த இரண்டு வேலைகள் பின்னால் பல மாதத்தைக் காப்பாற்றின.

மணமகனின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. அவர் பெயரும் தந்தை பெயரும் சேர்ந்து முதற்பெயர்க் கட்டத்தில் இருந்தன. தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான பாஸ்போர்ட்கள் இப்படித்தான், ஏனென்றால் நம்மிடம் இருப்பது முன்னெழுத்து, குடும்பப் பெயர் அல்ல. அமெரிக்க விசாவில் இப்படிப்பட்டவரின் முழுப் பெயரும் குடும்பப் பெயராக ஏறிவிடும். முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ', அதாவது முதற்பெயர் தெரியவில்லை என்று அச்சாகும். அதுவே பச்சை அட்டைக்கும், சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கும், ஓட்டுநர் உரிமத்துக்கும் போகும். வங்கியில் ஒருவரை 'திரு. எஃப்என்யூ' என்று கூப்பிடுவது வேடிக்கையாக இருக்கலாம். அதைத் திருத்த அலைவது வேடிக்கை இல்லை. எனவே பாஸ்போர்ட்டை மறுவழங்கலுக்குக் கொடுத்து, தன் பெயரை முதற்பெயராகவும் தந்தை பெயரைக் குடும்பப் பெயராகவும் பிரித்து வாங்கினார். திருமணச் சான்றும் மனுவும் இந்தப் புதிய பெயரிலேயே தொடங்கின. பத்தாம் வகுப்புச் சான்றில் முன்னெழுத்தோடு இருந்த பெயரும் இதுவும் ஒருவரையே குறிக்கும் என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதிவைத்தார்கள்.

பிறப்புச் சான்றில் பெயரே இல்லை. ஆண் குழந்தை என்று மட்டும் இருந்தது. அந்தத் தலைமுறையில் இதுவும் சகஜம். பெயர் இல்லாத சான்றை வைத்துக்கொண்டு நேர்காணலுக்குப் போனால், கூடுதல் ஆவணம் கேட்டு நிறுத்திவைப்பார்கள். பெயர் சேர்க்க அரசு அப்போது நீட்டித்திருந்த அவகாசத்துக்குள் நகராட்சி சுகாதாரப் பிரிவில் பள்ளிச் சான்றையும் பெற்றோர் அடையாள அட்டையையும் கொடுத்துச் சேர்த்தார்கள். அங்கே எழுத்துக்கூட்டலைப் புதிய பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுவிட்டுத்தான் அச்சிடச் சொன்னார்கள்.

திருமணமும் பதிவும்

2024 பிப்ரவரி தொடக்கத்தில் கோயிலில் திருமணம். மணமகளுக்கு 17 நாள் விடுப்பு. பதிவில்தான் முதல் தடை.

சார்பதிவாளர் அலுவலகத்தில், ஒருவர் வெளிநாட்டுக் குடிமகள் என்றால் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குப் போங்கள் என்றார்கள். அந்தச் சட்டத்தில், ஏற்கெனவே நடந்த திருமணத்தைப் பதியப் பிரிவு 15 இருக்கிறது. ஆனால் இருவருமே அந்த மாவட்டத்தில் விண்ணப்பத்துக்கு முன் 30 நாளாவது வசித்திருக்க வேண்டும், மேற்கொண்டு 30 நாள் அறிவிப்புக் காலம். 17 நாள் விடுப்பில் அது நடக்காது. இந்து திருமணச் சட்டத்தின் பிரிவு 2 மதத்தால் இந்துவாக இருப்பவருக்குப் பொருந்துகிறது. மணமகள் இந்தியக் குடிமகளாக இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. இருவரும் இந்துக்கள், திருமணம் தமிழ்நாட்டில் நடந்தது, எனவே பிரிவு 8-இன் கீழ் பதியலாம் என்று எழுத்தில் ஒரு மனு கொடுத்தார்கள். வாய்ப் பேச்சில் மூன்று நாள் நகராத கோப்பு எழுத்தில் கொடுத்ததும் நகர்ந்தது.

அலுவலகம் கேட்ட அடுத்த ஆவணம் மணமகள் முன்பு திருமணம் ஆகாதவர் என்ற சான்று. அமெரிக்காவில் அப்படிச் சான்று தரும் மத்தியப் பதிவேடு கிடையாது. அதற்குப் பதிலாக அவரே உறுதிமொழி எழுதி, சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் 50 டாலர் கட்டி நோட்டரி முத்திரை வாங்கினார். நேரம் முன்பதிவு செய்ய வேண்டும். இது தேவைப்படும் என்று ஊகித்து இறங்குவதற்கு முன்பே நேரம் பதிவு செய்திருந்ததால் தப்பித்தார்கள்.

திருமண அழைப்பிதழ், கோயில் ரசீது, புகைப்படம், முகவரிச் சான்றுகள், சாட்சிகள் சகிதம் பதிவு முடிந்தது 14-ஆம் நாள். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009-இன்படி 90 நாளுக்குள் பதிந்தால் போதும்தான். ஆனால் இருவரும் நேரில் வர வேண்டும். மணமகள் விமானம் ஏறிவிட்டால் அடுத்த விடுப்பு வரை மனுவே போட முடியாது.

மனு

பிப்ரவரி கடைசியில் இணையவழி ஐ-130. கட்டணம் 535 டாலர், ஏற்றத்துக்கு ஒரு மாதம் முன்பு. கூடவே மணமகனைப் பற்றிய ஐ-130ஏ, குடியுரிமைச் சான்று, திருமணச் சான்று, புகைப்படங்கள்.

திருமணம் உண்மையானது என்று காட்டுவதில், பெரியவர்கள் பார்த்து முடித்த திருமணத்துக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. கூட்டு வங்கிக் கணக்கு, சேர்ந்து எடுத்த வாடகை ஒப்பந்தம் எதுவும் இருக்காது. பழகிய காலமும் குறைவு. எனவே இரு குடும்பங்களும் எப்படிச் சேர்ந்தன என்பதைக் காலவரிசையில் ஒரே பக்கத்தில் எழுதினார்கள்: யார் அறிமுகம் செய்தார், எந்த மாதம் ஜாதகம் பார்த்தது, எப்போது முதல் அழைப்பு. இரு பக்கத்துப் பெரியவர்கள் பெயரும் உள்ள அழைப்பிதழ், மண்டபம், நகை, புடவை ரசீதுகள், விமானச் சீட்டுகள், இருபது புகைப்படம் மட்டும் சேர்த்தார்கள். ஒவ்வொன்றின் கீழும் யார், எங்கே, எப்போது என்ற குறிப்பு. வாட்ஸ்ஆப் உரையாடலில் மாதத்துக்கு இரண்டு பக்கம் எடுத்து, தமிழ்ப் பகுதிகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியும் வைத்தார்கள். ஐந்நூறு பக்க உரையாடலை அப்படியே ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் படிக்க யாருக்கும் நேரமில்லை.

காத்திருந்த காலத்தில் மணமகன் வருங்கால வைப்பு நிதிக்கும் ஆயுள் காப்பீட்டுக்கும் மனைவியை நியமனதாரராக மாற்றினார். மணமகள் தன் ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கில் அவரைப் பயனாளியாக்கினார். டிசம்பரில் மூன்று வாரம் வந்து தங்கினார். மணமகனின் பி1/பி2 விசா இன்னும் செல்லுபடியானதே. ஐ-130 நிலுவையில் இருக்கும்போது அதில் போய்வரச் சட்டம் தடுக்கவில்லை. விமான நிலைய அதிகாரி நம்பாவிட்டால் திருப்பி அனுப்பப்படுவார், அந்தப் பதிவு கோப்பில் ஏறும். மனைவி வந்து போவதே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

2025 மார்ச்சில், 13 மாதத்தில், மனு ஏற்கப்பட்டது.

தேசிய விசா மையத்தில் இரண்டு சறுக்கல்கள்

கோப்பு, நேர்காணலுக்கு முன் கட்டணமும் ஆவணங்களும் சேகரிக்கும் தேசிய விசா மையத்துக்குப் போனது. 120-உம் 325-உம் கட்டி, டிஎஸ்-260 என்ற குடியேற்ற விசா விண்ணப்பத்தை நிரப்பி, ஆவணங்களை ஏற்றினார்கள்.

முதல் சறுக்கல் ஐ-864, அதாவது குடியேறுபவரைத் தாங்கும் வருமானம் தனக்கு உண்டு என்று மனுதாரர் கையெழுத்திடும் ஆவணம். குடும்ப அளவுக்கேற்ற வறுமைக்கோட்டு வருமானத்தில் 125 சதவீதம் காட்ட வேண்டும். மணமகள் குடும்ப அளவு 2 என்று எழுதினார்: தானும் கணவரும். 2025 கணக்கில் அதற்கு 26,437 டாலர் போதும். பகுதி நேர வேலையோடு படிப்பை முடித்த ஆண்டான 2024-இல் அவர் வருமானம் 29,800. சரியாக இருக்கிறது என்று வரி விவரத்தை மட்டும் ஏற்றினார். வரிப் படிவத்தில் சார்ந்தவராகத் தாய் இருக்கிறார். எனவே அளவு 3, தேவை 33,312. ஐந்து வாரத்துக்குப் பின் திரும்பி வந்தது.

தன் வருமானத்தைக் காட்டி உடன் கையெழுத்திடும் கூட்டுப் பொறுப்பாளர் ஒருவரைத் தேடும் பேச்சு எழுந்தது. தேவைப்படவில்லை. பார்க்க வேண்டியது நடப்பு வருமானம். படிப்பு முடிந்து 2024 செப்டம்பர் முதல் அவருக்கு ஆண்டுக்கு 52,000 டாலர் முழுநேரச் சம்பளம். நிறுவனத்தின் கடிதமும் ஆறு மாதச் சம்பளச் சீட்டும் சேர்த்து, அளவை 3 என்று திருத்தி அனுப்பியதும் ஏற்கப்பட்டது. ஒன்றை அவர் முதலிலேயே சரியாகச் செய்திருந்தார்: 2024 வரிக் கணக்கை 'மணமானவர், தனித் தாக்கல்' என்ற நிலையில் போட்டு, கணவரின் எண் இடத்தில் அவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்று குறித்திருந்தார். பழக்கத்தில் 'மணமாகாதவர்' என்று போட்டுவிடுகிறவர்கள் அதிகம். தன் கணவன் என்று ஒருவருக்கு விசா கேட்கும் கோப்பில், மணமாகாதவர் என்று அரசுக்குக் கொடுத்த வாக்குமூலமும் இருந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது சறுக்கல் சிங்கப்பூர். 16 வயதுக்குப் பின் 12 மாதமோ அதற்கு மேலோ வசித்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் காவல் சான்று வேண்டும். இந்தியச் சான்று பாஸ்போர்ட் சேவையில் 500 ரூபாய் கட்டி வந்துவிட்டது. சிங்கப்பூர் காவல் துறை வெளிநாட்டவருக்கு உடனே தருவதில்லை; கேட்கும் அதிகாரியின் கடிதத்தோடு முதலில் முறையீடு, அது ஏற்கப்பட்ட பிறகே விண்ணப்பம், கூடவே பத்து விரல் ரேகை. விசா மையத்தின் வரவேற்புக் கடிதம் முதலாவதற்கு உதவியது. ரேகையை மாவட்டக் காவல் அலுவலகத்தில் எடுத்தார்கள். இரண்டு விரல் மை பரவித் தெளிவில்லை என்று திரும்பியது. இரண்டாம் முறை கையைச் சோப்பிட்டு உலர்த்தி, மை குறைவாக உருட்டி, மூன்று தாளில் எடுத்து நல்லதை அனுப்பினார்கள். இதில் மட்டும் ஏழு வாரம் போனது.

ஜூன் இறுதியில் ஆவணங்கள் நிறைவு என்று கடிதம். செப்டம்பரில் மும்பையில் நேர்காணல் தேதி.

மும்பை

மருத்துவப் பரிசோதனையை, தூதரகம் ஒப்புதல் அளித்த மருத்துவரிடம் முன்கூட்டியே முடித்தாயிற்று: மார்பு எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை, விடுபட்ட தடுப்பூசிகள். சிறு வயதுத் தடுப்பூசி அட்டை கிடைக்காததால் சிலவற்றை மீண்டும் போட வேண்டியிருந்தது. முந்தைய நாள் கைரேகை, மறுநாள் பாந்த்ரா குர்லா வளாகத்திலுள்ள துணைத் தூதரகத்தில் நேர்காணல்.

பத்து நிமிடம். எப்படி அறிமுகம், யார் யார் திருமணத்துக்கு வந்தார்கள், மனைவி என்ன வேலை, மாமியார் யாருடன் இருக்கிறார். பிறகு, எதிர்பார்த்த கேள்வி: மனைவி மூன்று வயது மூத்தவர், உங்கள் வீட்டில் ஒப்புக்கொண்டார்களா? பெரியவர்கள் முடிக்கும் திருமணத்தில் இது வழக்கத்துக்கு மாறானது என்று இந்தியாவில் பணியாற்றும் அதிகாரிகளுக்குத் தெரியும். "அம்மாதான் முதலில் தயங்கினார், ஜாதகம் பார்த்தபின் சம்மதித்தார்" என்று நடந்ததையே சொன்னார். மணமகளும் தன் மனுவில் இணைத்த காலவரிசையில் இதையே எழுதியிருந்தார். நிச்சயதார்த்த ஆல்பத்தை யாரும் கேட்கவில்லை; கேட்டிருந்தாலும் இந்த வழியில் அது சாதகமான சான்றுதான். இரண்டு வாரத்துக்குள் பாஸ்போர்ட் விசாவோடு வந்தது.

நுழையும் தேதி

விசா ஆறு மாதம், 2026 மார்ச் வரை. இங்கே ஒரு நுட்பமான தேர்வு இருந்தது. நுழையும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டு நிறையாவிட்டால் கிடைப்பது இரண்டாண்டு நிபந்தனை அட்டை. அது முடியும் முன் நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 மனுவைப் போட்டு, 750 டாலர் கட்டி, திருமணம் நீடிக்கிறது என்று மீண்டும் காட்ட வேண்டும். நிறைந்திருந்தால் நேரே பத்தாண்டு அட்டை. இவர்களுக்கு இரண்டாண்டு நிறைவது 2026 பிப்ரவரி தொடக்கம். விசா அதுவரை செல்லும். ஐந்து மாதம் பொறுத்தால் ஐ-751 முழுவதும் மிச்சம்.

பொறுக்கவில்லை. ஏற்கெனவே 20 மாதப் பிரிவு. மணமகன் வேலையை விட்டிருந்தார். ஐந்து மாதச் சம்பள இழப்பு 750 டாலரைவிடப் பெரிது. தவிர, குடியுரிமைக்கான மூன்றாண்டுக் கணக்கு நுழையும் நாளிலிருந்துதான் ஓடும். நியாயமான முடிவு. விசா ஜனவரியில் வந்திருந்தால் சில வாரம் காத்திருக்கச் சொல்லியிருக்கலாம்.

குடியேற்றக் கட்டணம் 235 டாலர் இணையத்தில் கட்டி, 2025 அக்டோபரில் நுழைந்தார். மொத்த அரசுக் கட்டணம் 1,215 டாலர். பாஸ்போர்ட்டில் முத்திரையிட்ட விசாவே ஓராண்டுக்குப் பச்சை அட்டையாகச் செல்லும். டிஎஸ்-260-இல் கேட்டிருந்ததால் சமூகப் பாதுகாப்பு எண் தபாலில் வந்தது. அட்டையில் முதற்பெயரும் குடும்பப் பெயரும் அதனதன் இடத்தில் இருந்தன.

2024-க்குப் பின் கே-1 பக்கம் வேகம் கூடியது. அந்த வழியில் போயிருந்தால் மணமகன் சில மாதம் முன்பே இறங்கியிருக்கலாம், வேலை அனுமதி இல்லாமல். அதற்கு விலை, தை முகூர்த்தத்தைக் கைவிடுவதாக இருந்திருக்கும்.

மீண்டும் செய்தால் மாற்றுவது

விசா வழியை நிச்சயதார்த்தத்துக்கு முன்பே பேசியிருக்க வேண்டும். கே-1 வேண்டும் என்ற குடும்பம், மேடையில் மோதிரமும் மாலையும் மாற்றாமல் தட்டு மாற்றுவதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். அழைப்பிதழிலும் 'திருமண உறுதி விழா' என்றே அச்சிட்டிருக்கலாம். இங்கே வழி மாறியதால் இழப்பு இல்லை.

சிங்கப்பூர்ச் சான்றுக்கான முறையீட்டை மனு ரசீது வந்த கையோடு முயன்றிருக்கலாம். முன்பு வசித்த நாட்டின் காவல் சான்று, அங்கே மீண்டும் போகாதவரை காலாவதி ஆவதில்லை; சீக்கிரம் வாங்குவதில் நட்டமில்லை. இந்தியச் சான்றுக்கு இரண்டாண்டு கெடு உண்டு. அதை மனு ஏற்கப்பட்ட பின் வாங்கினால் போதும்.

ஐ-864-இல் குடும்ப அளவை, கடைசி வரிப் படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணியிருந்தால் ஐந்து வாரம் மிஞ்சியிருக்கும். சம்பளச் சீட்டுகளைக் கேட்கும் வரை காத்திருக்காமல் முதலிலேயே ஏற்றியிருக்க வேண்டும்.

அட்டை 2027 அக்டோபரில் முடிகிறது. ஐ-751 போடும் 90 நாள் சாளரம் ஜூலையில் திறக்கும். இப்போதிருந்தே ஓர் உறையில் சேர்த்துவருகிறார்கள்: இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, ஒரே பாலிசியில் கார் காப்பீடு, 'மணமானவர், கூட்டுத் தாக்கல்' என்று போட்ட 2025 வரிக் கணக்கு.